பேசாத சுவர்

வாய் திறக்க இயலாத காலத்தில் கலைஞன் செய்யத்தக்கது யாது? உரக்கப் பேசிச் சிறை புகுவதா? வாளாவிருப்பதா? மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் வினா.

1939 முதல் 1975 வரை ஸ்பெயின் நாட்டைப் பிராங்கோ சர்வாதிகாரியாய் ஆண்டார். கட்டலான் மொழி பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் விலக்கப்பட்டது. தாய்மொழியை நெஞ்சிற் சுமந்து பிறமொழி மாநிலத்தில் வாழும் நமக்கு அத்துயர் எளிதில் விளங்கும். அம்மொழிக்குரியவரான பார்சிலோனா ஓவியர் அந்தோனி தாப்பியெஸ் (1923–2012) மணலையும் பளிங்குத் தூளையும் சாயத்தோடு குழைத்து அப்பினார், கீறினார், குடைந்தார். உருவம் மறைந்து, காயம்பட்ட சுவர் போன்ற பரப்பே எஞ்சியது. அவர் பெயருக்கும் அம்மொழியில் சுவர்கள் என்பதே பொருள். ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களாக்களின் காரை பெயர்ந்த மதில்களைக் கண்ட நம்மவர், சுவரும் நடந்ததை நினைவிற் கொள்ளும் என்பதை அறிவர்.

நம் நாட்டிலும் இத்தகைய கலை உண்டு. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்டு வரைந்த சோம்நாத் ஹோர் (1921–2006), வன்முறை மலிந்த 1970களில் 'காயங்கள்' என்னும் வரிசையைப் படைத்தார். களிமண் பரப்பைக் கத்தியாற் கிழித்து, சிமெண்டில் அச்செடுத்து, அதன்மேற் காகிதக் கூழை அழுத்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு! 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோதும், தணிக்கையை எதிர்த்துச் சில நாளேடுகள் தலையங்கத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டன. அவ்வெறுமையின் பொருளை மக்கள் உணர்ந்தனர்.

பொருள் விளங்காத ஓவியத்திற்குக் கொடுங்கோலன் அஞ்சுவானேன் என்று வினவலாம். நேரிய வினாவே. 1958இல் வெனிஸ் நகரக் கண்காட்சிக்குத் தாப்பியெசின் ஓவியங்களைப் பிராங்கோ அரசே அனுப்பிப் பெருமை தேடிக்கொண்டது. தணிக்கைக்குத் தப்பிய மௌனம் அரசின் அணிகலனாகவும் ஆகக்கூடும். ஆயின், 1966இல் பார்சிலோனா மாணவர் தடையை மீறி ஒரு துறவியர் மடத்திற் கூடியபோது தாப்பியெசும் உடனிருந்தார், தண்டமும் பெற்றார். சுவரை வரைந்தவர் வேண்டியபோது சுவரைவிட்டு வெளியே வந்து நின்றார். அவர் ஓவியத்தின் மௌனத்திற்குப் பொருள் தந்தது அவ்வாழ்வே.

கோப்பும் குறிப்புமாய் நாள் கழிக்கும் நம்போன்ற அரசு ஊழியர்க்கு மௌனம் பழகிய ஆடை. அது அச்சத்தால் வந்ததா, அறத்தால் வந்ததா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். குடிகளின் கண்ணீரே கொடுங்கோலை அராவித் தேய்க்கும் என்பது வள்ளுவர் கருத்து. கண்ணீருக்கும் சொல் இல்லை. ஆனால் அது பொய் சொல்வதில்லை. பேச இயலாத நாளிலும் பொய்க்குத் துணை போகாதிருப்போமாக! பேச இயன்ற நாளில் வாளாவிருத்தலை அறமென்று கொள்ளாதிருப்போமாக!