பிந்தி வரும் பிள்ளைக்கு அரைப்பேரா?

குறித்த நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்குவதா, எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருப்பதா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு நிருவாகம் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். மலையகத் தோட்டங்களில் ஞாயிறு பாடசாலை நடத்துவோர்க்கு அஃது ஓர் அறவினா. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிலாயினும், நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களிலாயினும், எட்டரைக்கென்று அறிவித்த கூட்டத்துக்கு எட்டரைக்கே வந்தமரும் பிள்ளைகளும் உளர். ஒன்பதைத் தாண்டி நனைந்த தலையோடு வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகளும் உளர். இரு சாராருக்கும் ஆசிரியர் கடமைப்பட்டவர். ஆயின் அக்கடமைகள் ஒரு தன்மையன அல்ல.

காத்திருத்தலை இரக்கமென்று கருதுவோர் பலர். "மேற்கணக்குப் பிள்ளைகளும் வரட்டும்" என்று சொல்லி அரைமணி நேரம் போக்கப்படுகிறது. இவ்விரக்கத்துக்கு விலை கொடுப்பவர் யார்? மலைப்பாதையில் இறங்கி நேரத்துக்கு வந்து குளிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையே. பிறருடைய பொருளை எடுத்து வழங்குதல் ஈகையாகாது. அன்றியும், நேரத்துக்கு வந்தவன் ஏமாளி என்னும் பாடத்தை அக்காத்திருப்புக் கற்பித்துவிடுகின்றது. அடுத்த ஞாயிறு அவனும் ஒன்பதுக்கே வருவான். ஆகவே மூவரே வந்திருப்பினும் தொடங்குதல் வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

பிந்தி வந்தவரை யாது செய்வது என்பதே கடினமான பகுதி. வள்ளுவர் காலமறிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அது பொருட்பாலில் அரசியலின்கண் வைக்கப்பட்டிருப்பது நோக்கற்பாலது. தன் காலத்தைத் தானே தேர்ந்துகொள்ள வல்லவனை நோக்கி எழுந்த அறிவுரை அது. லயத்துப் பிள்ளை அத்தகையதன்று. கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் தாய் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். பீலியில் முறைபார்த்துத் தண்ணீர் பிடிப்பதும், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி உடுத்துவதும் மூத்த பெண்ணின் பொறுப்பாகும். இடுப்பில் ஒரு குழந்தையோடு அவள் ஒன்பது மணிக்கு வந்தாளாயின், அது பிந்திய வருகையா, பெருமுயற்சியா? செய்ய இயலாத ஒன்றைக் கடமையென ஒருவர்மேல் சுமத்தலாகாது என்ற கான்ற்றின் கருத்து இங்கே ஏட்டுத் தத்துவமாக நில்லாது வாசற்படியில் வந்து நிற்கின்றது.

ஞாயிறு பாடசாலையின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் றொபேட் றெயிக்ஸ் தொடங்கிய பாடசாலை, வாரத்தின் ஏனைய நாள்களில் வேலை செய்த ஏழைச் சிறுவர்க்கென எழுந்தது. காலப்போக்கில் அவ்வியக்கத்துள் தொழிற்சாலையின் மணி புகுந்துவிட்டது. யோர்க் நகர மெதடிஸ்த ஞாயிறு பாடசாலைகளின் விதிகளின்படி, பிந்தி வந்த ஆசிரியர்க்கே தண்டம் விதிக்கப்பட்டது என வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டியுள்ளார். (தண்டம் ஆசிரியருக்கு என்பது ஓரளவு ஆறுதலே; நம்மிடையே ஆசிரியர் பிந்தினால் மழையைக் குறை கூறுவதோடு முடிந்துவிடும்.) நம் மலைநாட்டில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு வளர்ந்தது. எனவே தோட்டத்துக் கோவில் மணி, பிரட்டு மணியின் அயலிலேயே ஒலித்து வந்திருக்கின்றது. தப்போசைக்கு எழுந்து பிரட்டுக்களத்தில் நிற்பதும், நிறை குறைந்தால் செக்றோலில் அரைப்பேர் விழுவதும் பெற்றோரின் வாழ்வு. பிந்தி வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்கும் ஆசிரியர், தாம் அறியாமலே கங்காணியின் குரலைக் கடன்வாங்குகிறார். நேரத்துக்கு வந்தவர்க்கு மட்டும் நட்சத்திரம் ஒட்டும் அட்டையும் ஒருவகைச் செக்றோலே. கடிகாரமும் ஓய்வுள்ள தாயும் வாய்த்த வீட்டுக்கே அப்பரிசு போய்ச் சேர்கிறது.

வேதத்தில் இதற்கு விடை தேடுவோர்க்கு மத்தேயுவின் நூல் இரண்டு உவமைகளைத் தருகின்றது. இருபத்தைந்தாம் அதிகாரத்தில், எண்ணெய் வாங்கப் போய்ப் பிந்திய ஐந்து கன்னியருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. இருபதாம் அதிகாரத்தில், பதினொராம் மணி வேளையில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவனும் முழுக்கூலி பெறுகிறான். கதவடைக்க விரும்புவோர் முன்னதையே எடுத்தாள்வர். ஆனால் அக்கன்னியருக்கு எண்ணெயை முன்னரே கொண்டுவருதல் இயன்றிருந்தது. பதினொராம் மணி வேளையாரோ, தம்மை வேலைக்கு அழைப்பார் இன்மையால் நின்றவர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாம் கூட்டத்தினர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்கதை தனி விளக்கம் வேண்டாதது. அரைப்பேர் போடாத ஒரு துரை என்றால் அவர்களே வியப்பர்.

பிந்தியவர் எதையும் இழக்காவிடின் முந்தி வருவார் யார் என்று வினவப்படலாம். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர் முறுமுறுத்ததும் இதுவே. அம்முறுமுறுப்பில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குரிய மறுமொழி, முந்தி வந்தவனுக்கு உண்மையாகவே ஏதேனும் கொடுப்பதாகும். தொடங்கும் வேளையில் அவன் விரும்பும் பாட்டோ, விளையாட்டோ நிகழட்டும். அதைத் தவறவிடுதலே பிந்தியவனுக்குப் போதிய இழப்பு. கதையும் பாடமும் பின்னர் வரட்டும். வாசலருகே ஒரு பாய் வெறுமையாக இருக்கட்டும். வருபவள் கேள்வியின்றி அமரட்டும். காரணத்தைக் கூட்டம் கலைந்தபின் தனியே கேட்கலாம். வேண்டுமென்றே வெளியே விளையாடி நின்றவனும் அவர்களுள் இருப்பான். அவனைக் கண்டிப்பதற்கும் அத்தனியிடமே ஏற்றது.

இன்னும் ஒன்று எஞ்சுகின்றது. எட்டரை என்பதை வகுத்தவர் யார்? பல தோட்டங்களுக்கு ஒரே போதகர் செல்லவேண்டிய நிலையில், ஆராதனை நேரம் அவர் பயணத்தைப் பொறுத்தது. சிறுவர் கூட்டம் அவ்வாறு கட்டுண்டதன்று. பீலியில் முறை எப்போது முடிகிறது, கைக்காசுக்குப் போன தாய் எப்போது திரும்புகிறாள் என்று லயத்திற் கேட்டறிந்து, மாலை மூன்று மணியென்று வைத்துப் பார்க்கலாம். அதன்பின்னும் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி நாலு மணிக்கே வந்து நிற்பாளாயின், விசாரிக்க வேண்டியது அவள் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார்கள் என்பதையே.