எப்போது விற்பது என்று யார் சொல்வது?

தாப்பாவில் அம்மா இருக்கும் வீட்டை விற்பதா வேண்டாமா என்று போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. இப்படித் தொடங்கினால், பிள்ளைகள் விற்கச் சொல்கிறார்கள், தாய் மறுக்கிறார் என்றுதான் வாசிப்பவருக்குத் தோன்றும். நம் கதைகள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. நடந்தது நேர்மாறு. விற்க வேண்டும் என்றவர் அம்மா. கூடாது என்றவர்கள், கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் வாழும் நாங்கள்.

அம்மாவின் காரணங்கள் எளிமையானவை. மூன்று அறை வீட்டைக் கூட்டிப் பெருக்க முடியவில்லை. மழை வந்தால் அடுப்படி ஒழுகுகிறது. வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிட்டு, மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். "இப்ப வெல இல்லம்மா, இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும்" என்றார் அண்ணன். நான் இன்னும் மோசம். "நாங்க வளந்த வீடும்மா" என்றேன்.

அம்மா கோபமில்லாமல் கேட்டார்: "நீங்க வருஷத்துல நாலு நாளு வந்து படுத்துட்டுப் போறதுக்கு, நான் வருஷம் பூரா காவல் இருக்கணுமா?"

வீட்டை எப்போது விற்பது என்பதை நாம் விலையை வைத்தே யோசிக்கிறோம். சட்டத்துக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. மலேசியாவில் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு வரி இல்லை. அவசரமாக விற்பவன் வியாபாரி, காத்திருந்து விற்பவன் குடியிருப்பவன் என்பது இதன் அனுமானம். ஆனால் எத்தனை ஆண்டு என்று கேட்கும் சட்டம், அந்த வீட்டில் யார் வாழ்கிறார் என்று கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் 'எப்போது' என்ற கேள்வியே புதிது. தாத்தா பாட்டி இருந்தது தோட்டத்து லயத்தில். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரே நாளில் வேலையும் கூரையும் இல்லாமல் போயின. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. சொத்து சேர்ப்பது மட்டும் அதன் நோக்கமல்ல. நாளைக்கு எங்கே படுப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்யக் கூடாது என்பதும்தான்.

துண்டாடிய முதலாளி கையில் கிராண்ட் இருந்தது. சட்டப்படி அவர் செய்தது தவறில்லை. ஆனாலும் அது அநியாயம் என்று நமக்குத் தெரிகிறது. ஏன்? உரிமை ஒருவரிடமும் வாழ்க்கை இன்னொருவரிடமும் இருந்தது. வாழ்ந்தவரை யாரும் கேட்கவில்லை.

அப்பா தன் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய இந்த வீட்டின் கிராண்ட் இன்று அம்மா பெயரில் இருக்கிறது. மூன்று தலைமுறையில் முதன்முறையாக, வீட்டில் வாழ்கிறவரும் வீட்டுக்கு உரியவரும் ஒரே ஆள். அதைத்தான் நாங்கள் பாசத்தின் பெயரால் மறுபடி பிரிக்கப் பார்த்தோம். முதலாளி 'போ' என்றார். நாங்கள் 'இரு' என்றோம். கேட்காமல் சொல்வதில் இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு மறுப்பு உண்டு. கடைசிச் சில ஆண்டுகள் பேங்க் கடனை அண்ணன்தான் கட்டினார். அவருக்குப் பங்கில்லையா? பணத்தில் உண்டு. அதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம். அம்மாவின் காலத்தில் பங்கில்லை. விற்ற பிறகு அம்மா வருந்தினால்? வருந்தலாம். வாடகை ஏறலாம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். இதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை. சொன்ன பிறகும் அவர் விற்கிறேன் என்றால், அந்த வருத்தமும் அவருடைய சொத்துதான்.

வேர், மண், பிறந்த வீடு என்று நாம் நிறைய எழுதிவிட்டோம். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அப்படி எழுதுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தங்குவது மட்டுமே விடுதலை ஆகாது. வேண்டும்போது கிளம்ப முடிவதும் விடுதலைதான். லயத்தில் இருந்தவர்களுக்கு இரண்டுமே கைக்கு வரவில்லை.

போன வாரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "எப்பம்மா விக்கலாம்னு இருக்கீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மாமரம் காய்ச்சி முடியட்டும்" என்றார்.

சரி என்றேன்.