மரபு: உடைமையா, அமானிதமா?

முன்னோர் விட்டுச் சென்ற செல்வத்தின்மீது அதைப் பெற்றவனுக்கு எத்தகைய உரிமை உண்டு? வீடும் நிலமுமாயின் சட்டம் விடை கூறிவிடும். மொழியும் கலையும் கைமாறும்போது சட்டம் வாய் திறப்பதில்லை. பெற்றதைப் பெற்றவாறே காப்பதுதான் நன்றியுடைமை என்பர் ஒரு சாரார். காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளாத மரபு மடிந்துபோகும் என்பர் மற்றொரு சாரார். அறிஞர் அவைகளில் நடைபெறும் இவ்வழக்கு, ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் பற்றிக்கொண்டதுண்டு. அவர் ஸ்பெயின் நாட்டுக் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா.

1947 டிசம்பர் 21ஆம் நாள் ஸ்பெயினின் தென்முனையில், அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் அவர் பிறந்தார். 'பசுந்தீவு' எனப் பொருள்படும் 'அல் ஜஸீரா அல் கத்ரா' என்னும் அரபுப் பெயரின் மரூஉவே அந்நகரின் பெயர். விரிகுடாவுக்கு எதிர்ப்புறம் தாரிக்கின் மலையாகிய ஜிப்ரால்டர் நிற்கிறது. வறிய குடும்பம், தந்தையும் கிதார் வாசிப்பவர். இளமையிலேயே பள்ளியை விட்ட மகன், நாள்தோறும் பல மணிநேரம் கிதாரோடு கழித்தார். அன்னை லூசியாவின் பெயரே அவருக்கு அடையாளமாய் நிலைத்தது.

அவர் கற்ற ஃபிளமெங்கோ, அந்தலூசியாவின் எளிய மக்களிடையே பிறந்த இசை. ஜிப்ஸி மக்களின் பங்கு அதில் பெரிது. நாட்டுப் பாடல்களும் மூர்களின் இசைச் சாயலும் அதில் கலந்துள்ளன; எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் வழித்தோன்றல்கள் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்ட மண் அது. 1749இல் அரச ஆணையொன்றால் ஜிப்ஸி மக்கள் ஆயிரக்கணக்கில் சிறைப்பிடிக்கப்பட்டதும் அங்கேதான். துயருற்றோர் குரலைச் சுமந்த கலையில் கைவைப்பவரை மூத்தோர் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. பாக்கோ ஜிப்ஸி இனத்தவருமல்லர்.

ஆயினும் அவர் கைவைத்தார். 1973இல் வெளிவந்த 'இரு நீர்களுக்கிடையே' என்னும் ரும்பா இசையில் பாஸ் கிதாரும் பொங்கோ முழவும் சேர்ந்தொலித்தன. ஃபிளமெங்கோ அறியாத இளைஞரும் அதை விரும்பிக் கேட்டனர். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஜான் மெக்லாக்லின், அல் டி மியோலா ஆகியோருடன் அவர் வாசித்தது உலகெங்கும் பரவியது. புல்லாங்குழலையும் சாக்ஸபோனையும் தம் குழுவில் சேர்த்தார். பெரு நாட்டில் கண்ட கஹோன் என்னும் மரப்பெட்டி முழவையும் கொண்டுவந்தார். தூய்மை கெட்டது என்று பழமைவாதிகள் குறைகூறினர்.

தூய்மை என்பதுதான் யாது? அக்குறைகூறலுக்கு இலக்கான ரும்பாவே கியூபாவிலிருந்து வந்த வடிவம். கடல்கடந்து சென்று, அங்குள்ள இசையோடு கலந்து மீண்டவற்றைப் 'போய்வந்த பாடல்கள்' என்றே ஃபிளமெங்கோ மரபு அழைக்கிறது. பெருவில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்கரின் வழிவந்த கஹோன், இன்று ஃபிளமெங்கோ மேடைகளில் தொன்றுதொட்டு இருந்ததுபோல் வீற்றிருக்கிறது. இன்னும் பின்னோக்கினால், கி.பி. 822இல் குர்துபாவுக்கு வந்து சேர்ந்த சிர்யாபைக் காண்கிறோம். பாக்தாதிலிருந்து புறப்பட்டு வந்த அவ்விசைவாணர், ஊத் எனும் நரம்பிசைக் கருவிக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்த்தவர் என்பது வழிவழிச் செய்தி. அன்று அவரும் புதியவரே. 1990இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றுக்குப் பாக்கோ அவர் பெயரையே சூட்டினார். நேற்றைய கலப்பு, வயதேறியபின் தூய்மை என்று பெயர் பெறுகிறது.

அங்ஙனமாயின் எவரும் எதையும் எதனோடும் கலக்கலாமோ? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சந்தைக்காகச் செய்யப்படும் கலப்பும் உண்டு. வேரறியாதவர் ஒரு மரபின் ஒப்பனையை மட்டும் பறித்து விற்றுவிட்டுப் போவார். பாக்கோவின் வழி வேறு. கமரோன் எனப் புகழ்பெற்ற ஜிப்ஸிப் பாடகரின் குரலுக்குப் பக்கத்துணையாக 1969 முதல் 1977 வரை பல இசைத்தட்டுகளில் வாசித்தார். பாடுபவரின் மூச்சறிந்து பின்செல்வது ஃபிளமெங்கோ கிதாரின் முதற்கடமை. அதை அவர் நிறைவேற்றினார். பன்னிரண்டு அடிகொண்ட தாளச் சுழற்சி அவ்விசையின் முதுகெலும்பு. எத்தனை புதிய சுரக்கூட்டுகளைப் புகுத்தியபோதும் அச்சுழற்சியை அவர் முறிக்கவில்லை. பிறர் துறையில் நுழைந்தபோதும் அதே உழைப்புத்தான். சுரக்குறிப்புப் படிக்கும் பயிற்சியில்லாத அவர், ஹோவாகீன் ரோட்ரிகோவின் 'அரன்ஹுவேஸ்' இசைப்படைப்பை முயன்று கற்று, 1991இல் அம்முதியவரின் முன்னிலையிலேயே வாசித்தார்.

நம் வழக்கிலுள்ள அமானிதம் என்னும் சொல் இவ்விடத்தில் துணைநிற்கும். ஒருவர் நம்மிடம் பொற்காசுகளை ஒப்படைத்தால் அவற்றைத் தொடாமல் திருப்பித் தருவதே நேர்மை. ஆனால் அநாதைக் குழந்தையின் தோட்டம் நம் பொறுப்பில் விடப்பட்டால்? 'நான் அதில் கைவைக்கவேயில்லை' என்று கூறிப் பட்டுப்போன மரங்களைக் காட்டுபவன் நம்பிக்கைக்குரியவனாவானா? மரங்களை வெட்டி விற்றுக் காசாக்கியவனும் ஆகமாட்டான். நீர்பாய்ச்சி, களைபறித்து, பட்ட கிளையைக் கழித்து, புதுக்கன்று நட்டு, உரியவன் வளர்ந்து வந்து கேட்கும்போது கனிதரும் தோட்டமாக ஒப்படைப்பவனே அமானிதம் பேணியவன். மரபு பொற்காசன்று, தோட்டம். அதற்கு உரியவர்கள் இனிப் பிறக்கவிருப்பவர்கள். ஆகவே, மாற்றினாயா என்பதைவிட, மாற்றுமுன் அறிந்தாயா, மாற்றியபின் அது உயிரோடிருந்ததா என்பதே சரியான விசாரணையாகும்.

இவ்விசாரணையில் பாக்கோ தேறினார் என்றே கருதலாம். இன்று அந்தலூசியாவின் இளம் கிதார் கலைஞர்கள், ஜிப்ஸிகளாயினும் அல்லாதாராயினும், அவர் திறந்த வழியைக் கடவாமல் செல்வது அரிது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. பட்டியல் பெயரைக் காக்கும். உயிரைக் காப்பது கற்பவரின் உழைப்பே.

2014 பிப்ரவரி 25ஆம் நாள், மெக்ஸிகோவில், தம் 66ஆம் வயதில் பாக்கோ மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய இறுதித் தொகுப்பில் புதிய கலப்பு முயற்சிகளை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பர். அதில் இருந்தவை அந்தலூசியாவின் பழைய பாடல்கள். உலகெல்லாம் சுற்றியவர், அவற்றை மறவாமல் வைத்திருந்தார்.