எது வேண்டும், எது வேண்டா?

இல்லத்தில் பொருள் குறைவாக இருப்பது ஒரு நிலை. வேண்டாதவற்றை அறிந்து குறைத்துக்கொள்வது மற்றொரு நிலை. வெளியே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் முன்னது இல்லாமை, பின்னது விடுதல். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்னும் அறிவே இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றது. நெடுநாள் அறிந்த இவ்வுண்மையை, அண்மையில் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து மீண்டும் கற்றுக்கொண்டோம். அவ்விடம் கணிப்பொறி.

நம் பெயரன், பல ஆண்டுகள் பழகிய விண்டோஸ் இயங்குதளத்தைத் தன் கணிப்பொறியிலிருந்து நீக்கிவிட்டு, ஆர்ச் லினக்ஸ் என்பதை நிறுவினான். ஒரு நாள் முழுவதும் உழைத்து முடித்தபின் நம்மை அழைத்துக் காட்டினான். கறுத்த திரை, பயன்படுத்துவோர் பெயரைக் கேட்கும் ஒரே வரி, வேறொன்றும் இல்லை. "இதற்கா இத்தனை பாடு?" என்று வினவினோம். "இனிமேல் இதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், பாட்டி" என்றான். அவ்விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. அவனைப் போலவே புதிதாக இவ்வழிக்கு வந்தோர் கூறும் காரணங்களை அவன் துணைகொண்டு படித்தறிந்தோம். அக்காரணங்களை அறநோக்கில் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் செய்தியைச் சுருங்கக் கூறுவோம். எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமையுடைய மென்பொருள்களை ஆக்கும் குனூ என்னும் திட்டத்தை 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் உட்கருவாகிய லினக்ஸை வெளியிட்டார். இவற்றோடு வேறு பல மென்பொருள்களையும் சேர்த்துத் தொகுத்து அளிப்பவற்றை லினக்ஸ் வழங்கல்கள் என்பர். அவற்றுள் 2004இல் தோன்றிய உபுண்டு போன்றவை சமைத்து, இலையிட்டுப் பரிமாறிய விருந்தை ஒத்தவை. வேறு சிலவோ அரிசியும் பருப்பும் அடுப்பும் மட்டும் தந்து, சமையலை உண்பவர் கையிலேயே விட்டுவிடுகின்றன. 2002இல் கனடா நாட்டவரான ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச் இவ்வகையைச் சார்ந்தது. ஆல்பைன், வாய்டு, டைனி கோர் முதலியனவும் சிறுமையையே சிறப்பாகக் கொண்டவை.

விருந்தை விட்டு அடுப்படிக்கு ஏன் வந்தீர்கள் என்றால், புதியோர் பலர் முதலில் கூறுவது பழைய கணிப்பொறியைப் பற்றியதாகும். விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, 4 கிகாபைட் நினைவகத்தையும், 64 கிகாபைட் சேமிப்பிடத்தையும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறைந்த அளவுத் தேவையாகக் கேட்கின்றது. நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகள் பல இவ்வளவைகளால் தள்ளுபடியாகின்றன. டைனி கோரின் மிகச் சிறிய வடிவமோ ஏறத்தாழ 20 மெகாபைட்டில் அடங்கிவிடுகின்றது.

இக்காரணம் நம் உள்ளத்திற்கு மிக இசைவானது. ஒரு கணிப்பொறிக்குள் மண்ணை அகழ்ந்தெடுத்த செம்பும் பொன்னும் உள்ளன. முகமறியாத மாந்தர் பலரின் உழைப்பும் உள்ளது. உயிரோடிருக்கும் ஒன்றைக் குப்பையென்று எறியாமல் காப்பது அறமேயாம். எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அடித்தளம் எத்துணைச் சிறியதாயினும், அதன்மேல் இன்றைய இணைய உலாவி ஒன்றைத் திறந்த அளவிலேயே நினைவகம் நிரம்பத் தொடங்கிவிடும். வாயிலில் எளிமையை எழுதிவைத்துவிட்டு, உள்ளே பழைய வாழ்க்கையையே நடத்துவோமாயின் பயன் யாது?

இரண்டாவதாகக் கூறப்படும் காரணம், அறிய வேண்டும் என்னும் ஆவல். ஆர்ச்சை நிறுவுவோர் வட்டைப் பகுதிகளாகப் பிரித்தல், கோப்புகள் உறையும் அமைப்பை உண்டாக்கல், அடிப்படைத் தொகுப்பைப் பதித்தல், நேரத்தையும் மொழியையும் வரையறுத்தல், கணிப்பொறியைத் தொடக்கிவைக்கும் நிரலை அமைத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தாமே செய்தல் வேண்டும். நம் பெயரன் பிணையத்தோடு இணைக்கும் மென்பொருளைச் சேர்க்க மறந்துவிட்டான். மறுமுறை தொடங்கியபோது இணையம் இல்லை. மீண்டும் நிறுவல் வட்டைக்கொண்டு உள்ளே புகுந்து அதனைச் சேர்த்த பிறகே அவன் முகம் தெளிந்தது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நாம் முதலில் கற்ற பாடம் இதுவேயன்றோ? விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மாணவர் ஏட்டில் விடை இருக்கும், நெஞ்சில் இராது. கையால் செய்து, தவறி, தவற்றின் காரணத்தைக் கண்டறிந்த மாணவனுக்கோ அது வாழ்நாள் முழுவதும் உடைமையாகும். பிணையம் என்பது தானாக வருவதன்று, அதனைச் செய்யும் ஒன்று உண்டு என்பதை, அஃது இல்லாதபோதுதான் அவன் அறிந்தான். இல்லாமை கற்பிக்கும் பாடத்தை இருத்தல் கற்பிப்பதில்லை.

மூன்றாவது காரணம், தன் வீட்டில் தானே தலைவனாதல். கேளாத விளம்பரம், வேண்டாத செயலி, நடுவேலையில் வந்து நிற்கும் புதுப்பித்தல் ஆகியவற்றால் சலிப்புற்றோர், "நான் அழைக்காத எவரும் என் வீட்டில் இருத்தலாகாது" என்கின்றனர். இது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. 2024 மார்ச்சுத் திங்களில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று பகரும்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்க உதவும் சிறு மென்பொருள். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில் உள்ளது. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு உதவிபுரிந்து, நம்பிக்கையைப் பெற்று, பின்னர் அதனுள் கள்ளவழி ஒன்றை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னும் பணியே அவர் குறி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகச் செல்வதைக் கண்டு ஐயுற்றுத் தேடியதால் அவ்வஞ்சனை வெளிப்பட்டது. எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்கு மென்பொருளுக்கும் இயல்பாகத் தொடர்பில்லை. சில வழங்கல்களில் ஒரு சிறு வசதிக்காக எஸ்எஸ்எச்சோடு வேறொன்றைப் பிணைத்திருந்தனர். அவ்வேறொன்று எக்ஸ்இசட்டையும் உடனழைத்து வந்தது. அழைத்த விருந்தினரோடு அழையாதவரும் உட்புகுந்தவாறு இது. ஆர்ச்சில் அத்தகைய நேரடிப் பிணைப்பு இல்லாமையால், அவ்வழி அங்கே திறக்கவில்லை.

இதைக்கொண்டு சிறுமையாளர் மார்தட்டுதல் கூடாது. ஏனெனில் அத்தீய பதிப்பு ஆர்ச்சுக்கும் வந்து சேர்ந்தேயிருந்தது; அங்கும் எவரும் அதனை முன்னரே கண்டுகொள்ளவில்லை. குறைவு கதவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், காவலுக்கு ஈடாகாது. அரை நொடியைப் பொருட்படுத்திய விழிப்பே உலகைக் காத்தது.

அவ்வாறாயின் எவ்வளவு குறைத்தால் போதும்? டேம் ஸ்மால் லினக்ஸ் என்னும் வழங்கலின் கதை இங்கு எண்ணத்தக்கது. ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் அதனைத் தொடங்கியபோது, 50 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். முகவரி அட்டை அளவேயுள்ள ஒரு குறுவட்டில் அஃது அடங்கியது. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த அப்பணியை 2024இல் அவர் மீண்டும் மேற்கொண்டபோது, புதிய எல்லை 700 மெகாபைட். அதாவது ஒரு முழுக் குறுவட்டு. எல்லை 14 மடங்கு பெருகிவிட்டது. நோன்பு தவறிவிட்டது என்று நகைப்போர் இருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மென்பொருள்கள் பன்மடங்கு பெருத்துவிட்ட உலகில், பயன்படத்தக்க ஒன்றை எவ்வளவுக்குள் தரலாம் என்று எண்ணி, வெளிப்படையாக ஓர் எல்லை வகுத்து, அதற்குள் நிற்க முயல்வதே ஈண்டுச் சிறப்பு.

நம் இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவதும் இத்தன்மையதே. ஒன்றும் இன்றி இரு என்று அது கூறவில்லை. உனக்கு வேண்டும் அளவை நீயே முன்னர் வரையறுத்துக்கொள் என்றே கூறுகின்றது. வரையறுப்பவன் எண்ண வேண்டும். எண்ணுதலே அவ்விரதத்தின் முதற்படி.

ஆயினும் ஒருவர்க்கு வேண்டாதது மற்றவர்க்கு வேண்டாதது ஆகிவிடுமா? நாம் எழுதி அனுப்பிய தமிழ் மடல் ஒன்றை நம் பெயரன் தன் புதிய கணிப்பொறியில் திறந்தான். எழுத்தைக் காணோம், வரிவரியாக வெற்றுக் கட்டங்களே நின்றன. தமிழ் எழுத்துருவை அவன் சேர்க்கவில்லை. அடிப்படைத் தொகுப்பிலும் அஃது இல்லை. பிழையென்று எவரையும் நோவதற்கில்லை. தேவையானதை நீயே சேர்த்துக்கொள் என்பதுதானே அங்குள்ள முறை! பின்னர் அவன் நோட்டோ என்னும் எழுத்துருக் குடும்பத்தைச் சேர்த்தான். இத்தகைய வெற்றுக் கட்டங்கள் எம்மொழியார்க்கும் தோன்றலாகாது என்னும் நோக்கத்தோடே ஆக்கப்பட்ட எழுத்துருக்கள் அவை. கட்டங்கள் மறைந்து தமிழ் தோன்றியபோது, நெடுநாள் காணாத உறவினரைக் கண்டாற்போன்று மகிழ்ந்தோம்.

அன்று நாம் அறிந்தது இது: ஒருவர் மிகையென்று ஒதுக்குவது மற்றொருவர்க்குத் தாய்மொழியாக இருக்கக்கூடும். ஆர்ச்சின் நிறுவல் வட்டில், கண்பார்வை இல்லாதார் கேட்டுச் செய்யும் பொருட்டுத் திரையிலுள்ளதைப் பேசிக்காட்டும் வசதியும் வைக்கப்பட்டுள்ளது. கண்ணுடையார்க்கு அது மிகை. ஏனையோர்க்கு அதுவே வாயில். சிறுமையையே போற்றும் ஓரிடத்திலும், இதனை விடலாகாது என்று எவரோ எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணமே அருள். தனக்குரியதைக் குறைக்கும் உரிமை அவரவர்க்கு உண்டு. பிறர்க்குரியதைக் குறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

இனி, கூறப்படாத காரணம் ஒன்றும் உண்டு. "நான் ஆர்ச் பயன்படுத்துகிறேன்" என்று கேளாமலே கூறிக்கொள்வோரை அவ்வுலகத்தாரே நகையாடுவது வழக்கமாம். 2021 முதல் நிறுவலை எளிதாக்கும் துணைநிரல் ஒன்று ஆர்ச் வட்டிலேயே சேர்க்கப்பட்டுள்ளது; அதன் உதவியோடு நிறுவியவரைத் தாழ்வாகக் கருதுவோரும் உளர். விட்ட பொருளின் இடத்தில் விட்டேன் என்னும் செருக்கு வந்து அமர்ந்துகொண்டால் வீடு வெறுமையாகுமா? பொருளன்று, பொருளின்பால் உள்ள மயக்கமே பரிக்கிரகம் என்பது நம் ஆகமங்களின் துணிபு. நான்கு கஷாயங்களுள் மானமும் ஒன்று. அது வட்டில் ஒரு பைட் இடத்தையும் கொள்வதில்லை. உள்ளம் முழுவதையும் கொள்ளும். திரையின் நிறத்தையும் சாளரத்தின் விளிம்பையும் நாள்தோறும் மாற்றி மாற்றி அழகுபார்ப்போரும், குறைத்ததால் மிஞ்சிய காலத்தைக் குறைத்தலிலேயே செலவிடுகின்றனர்.

செருக்கிற்கு மருந்து நன்றியுணர்வு. கறுத்த திரையில் தோன்றும் அவ்வொற்றை வரிக்குப் பின்னே, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு நிற்கின்றது. மேற்கூறிய எக்ஸ்இசட்டையும் நெடுங்காலம் ஒருவரே, ஊதியமின்றி, தம் ஓய்வுப்பொழுதில் பேணிவந்தார். அவர் தளர்ந்திருந்த வேளையில்தான் வஞ்சகர் உதவியாளராக உட்புகுந்தார். அம்மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்திய நிறுவனங்களும் மாந்தரும் எண்ணிலடங்கார்; நலம் வினவியோர் எத்துணைப் பேர்? "எனக்கு வேண்டியதை நானே அமைத்துக்கொண்டேன்" என்பவர், அமைத்துக்கொண்ட பொருள்களை ஆக்கியவர் யார் என்பதையும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையேட்டில் கண்ட ஒரு பிழையைத் திருத்துதலும், புதிதாக வந்தவரின் வினாவுக்குச் சினவாது விடையளித்தலும் அந்நன்றியின் சிறு வடிவங்களே.

ஆகவே, புதியோர் கூறும் காரணங்களுள் எது உயர்ந்தது என்று நம்மைக் கேட்பின், சிறியது என்பதால் அன்று, காரணம் கேட்கப் பழகுவதால்தான் இவ்வழி நன்று என்போம். ஒவ்வொரு பொருளையும் நோக்கி, 'நீ ஏன் இங்கு இருக்கின்றாய்?' என்று வினவுவதும், விடை கிடைத்தால் மகிழ்ந்து வைத்துக்கொள்வதும், கிடைக்காவிடில் வருந்தாது விடுவதும் கணிப்பொறிக்கு மட்டும் உரிய பயிற்சி அல்ல. நம் அலமாரிக்கும், நம் நாட்குறிப்பிற்கும், நம் நாவிற்கும் அது பொருந்தும்.

நாமும் நம் இல்லத்துப் பேழையைத் திறந்து பார்த்தோம். ஏன் வைத்திருக்கின்றோம் என்றே அறியாத பொருள்கள் பல இருந்தன. சிலவற்றை உரியவர்க்குக் கொடுத்துவிட்டோம். மாணவியர் எழுதிய பழைய வாழ்த்து மடல்களைக் கையிலெடுத்து, இவை வேண்டுமா என்று வினவினோம். வேண்டும் என்று விடை வந்தது. வைத்துக்கொண்டோம்.

அன்பர்களும் ஒரு நாள், ஒரு பேழையை மட்டுமாவது, இவ்வாறு திறந்து வினவிப் பார்ப்பார்களாக.