பூண்டும் விதையும்

நம் உணவில் பூண்டு இடம்பெறுவதில்லை. ஆனால், நாம் உண்ணாத ஒன்றை நம் தோட்டத்தில் வளர்க்கலாமா? இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று. நம் வீட்டுக் கொல்லையில் எழுந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அண்டை வீட்டு அம்மையார், "வெண்டைப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றி வையுங்கள், பூச்சி அண்டாது" என்று கூறி, ஒரு கைப்பிடிப் பூண்டுப் பற்களை அளித்தார். நாமும் ஊன்றினோம். விளைந்ததும் அவருக்கே கொடுத்துவிடலாம் என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். மாசியில் தாள் பழுத்துச் சாய்ந்தபோது, பிடுங்கக் குனிந்த கை தயங்கியது.

அத்தயக்கம் பொருளற்றதன்று. வெண்டைக்காயைப் பறித்தாலும் செடி நிற்கிறது. பூண்டை எடுக்கவோ செடியையே வேரோடு களைதல் வேண்டும். பூண்டு பெரும்பாலும் விதை ஈனுவதில்லை. அதன் ஒவ்வொரு பல்லும் முளைக்கக் காத்திருக்கும் குருத்து. மண்ணுள் விளையும் இத்தகையவற்றை 'அனந்தகாயம்', அதாவது எண்ணிலா உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழுமிடம், என நம் ஆசாரியர்கள் வகுத்தனர்.

பிறர்க்காகத்தானே வளர்த்தோம் என்னும் சமாதானமும் நிலைக்கவில்லை. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினை வரும் வாயில்களே. நாவை விலக்கிக் கையை விலக்காதவர் பாதி விரதமே காத்தவர்.

அங்ஙனமாயின், வெண்டையும் அவரையும் உயிரல்லவோ எனலாம். உயிரே. உழவை மக்களுக்குக் கற்பித்தவர் பகவான் ஆதிநாதர். இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு இழைக்கும் துன்பத்தை முற்றும் ஒழித்தல் அரிது, குறைத்தல் இயலும். பயன் சிறிதாய், உயிர்க்கேடு பெரிதாய் உள்ளவற்றை விடுக என்பதே சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் காட்டும் அளவுகோல். பச்சை இஞ்சியையும் முள்ளங்கியையும் அவர் அவ்வாறே விலக்கினார்.

விலக்குதல் அறத்தின் ஒரு பாதி, காத்தல் மறுபாதி. அதனை விதை கற்பிக்கிறது. கொடியில் திரண்ட நல்ல காயை உண்ணாது முற்ற விடுதலே ஒரு சிறு நோன்பு. பீர்க்கு கொடியிலேயே உலர்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அவரை நெற்றாக வேண்டும். தக்காளி விதையை இரண்டொரு நாள் புளிக்கவைத்துப் பிரிப்பது பலர் வழக்கம். புளிப்பில் நுண்ணுயிர்கள் பெருகுதலின், நாம் சாம்பலிட்டுத் தேய்த்து உடனே அலசி, நிழலில் உலர்த்துகிறோம்.

ஆயினும், சேமிப்பு எளிதில் பற்றாக மாறும். சாதாரணமாக வைத்தால் வெண்டை விதை ஏறத்தாழ 2 ஆண்டும், தக்காளி விதை 4 ஆண்டும் முளைப்புத்திறன் காக்கும், பின்னர்க் குன்றும். ஜினசேனரின் அரிவம்ச புராணத்தில் ஒரு வாதம் வருகிறது. வேள்விக்குரிய 'அஜம்' ஆடே என்றான் பர்வதன். மூன்றாண்டு பழகி முளைக்கும் ஆற்றல் இழந்த தானியமே என்றான் நாரதன். கொலையைத் தவிர்க்கும் பொருட்டு உரைத்த விளக்கம் அது. பெட்டியில் பூட்டிவைத்து நாமே முளையாததாக்கிய விதைக்கு அந்நியாயம் ஏதுமில்லை. தேவைக்கு மிஞ்சிய விதை, உயிருள்ளபோதே பிறர் கைக்குச் செல்லல் வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் விதைக்கும் உரியது.

அப்பூண்டை நாம் பிடுங்கவில்லை. சில மண்ணுள் அழுகின. சில மீண்டும் துளிர்த்து வாடின. பிடுங்கினாலும் கேடு, விடுத்தாலும் கேடு. ஊன்றிய பின் தூய வழி இல்லை. ஊன்றுமுன் சிந்தித்தலே வழி.

அம்மையாரிடம் உள்ளதை உள்ளவாறே உரைத்தோம். அவர் வருந்தவில்லை. இவ்வாண்டு ஆடிப்பட்டத்தில் பூண்டுக்கு ஈடாக ஒரு கைப்பிடி அவரை விதை அளித்தோம். அது இப்போது அவர் வேலியில் பூத்திருக்கிறது. நம் கை எதனை ஊன்றுகிறது, எதனைப் பூட்டி வைக்கிறது என்பதை நாமனைவரும் சிந்திப்போமாக.