நட்டத்தில் மட்டும் பங்காளிகள்

மலையகத் தோட்டத் தொழிலாளர் ஒரு நாளைக்கு 1000 ரூபா கேட்கத் தொடங்கியது 2015இல். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் எல்லாக் கொடுப்பனவுகளையும் சேர்த்து 730 ரூபா என்றது. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தம் 750 என்றது. வாக்குறுதிகள் பல வந்து, தேர்தல்கள் சில போய், ஒருவழியாக 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் முடிவு வர்த்தமானியில் வெளியாகி அந்த ஆயிரம் கைக்கு வந்தது. கேட்ட நாளில் அந்தத் தொகைக்கு இருந்த பெறுமதி, கிடைத்த நாளில் இருக்கவில்லை. கிடைத்த பிறகோ, அது மூன்றரை ஆண்டுகள் அசையவே இல்லை.

அந்த மூன்றரை ஆண்டுகளில் இலங்கை பட்ட பாடு உலகறியும். 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் 2022இல் 360ஐத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 95 சதவீதத்தை நெருங்கியது. லயத்து வீடுகளில் காலைச் சாப்பாடு ரொட்டி, பல நாட்களில் இரவுக்கும் அதுவே. அந்த ரொட்டிக்கான கோதுமை மா மும்மடங்குக்கும் மேல் விலையேறியது. 5 டொலர் பெறுமதியாக இருந்த நாட்சம்பளம் 3 டொலருக்கும் கீழே இறங்கியது. சம்பளச் சிட்டையில் இருந்த ஆயிரம் மட்டும் அப்படியே இருந்தது.

தேயிலையின் விலை அப்படியே இருக்கவில்லை. கொழும்பு ஏலத்தில் 2021இல் சராசரியாகக் கிலோ 620 ரூபாவை ஒட்டி விற்ற தேயிலை, 2022இல் 1200 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுக்காரர் டொலரில் வாங்குகிறார். ரூபா விழுந்தால் அதே தேயிலை ரூபாக் கணக்கில் இரட்டிப்பாகிறது. முழுவதையும் கம்பனிகளே சுருட்டிக்கொண்டன என்று சொல்வது நியாயமாகாது. இரசாயன உரத்தைத் தடைசெய்த 2021ஆம் ஆண்டு முடிவால் விளைச்சல் சரிந்தது. உரம், எரிபொருள், மின்சாரம் எல்லாம் ஏறின. ஆனால் ஏறிய விலையில் உரம் விற்றவருக்கு ஒரு பங்கு போனது, எரிபொருளுக்கு ஒரு பங்கு போனது, கம்பனிக்கும் மிஞ்சியது. கொழுந்து எடுத்த கைக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. உரக்காரரிடம் போய் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, பழைய விலைக்கே தாருங்கள் என்று எந்தத் தோட்ட நிர்வாகமும் கேட்க முடியாது. தொழிலாளியிடம் கேட்க முடிந்தது. அவளும் கொடுத்தாள், வேறு வழி இல்லாததால்.

பொருளாதாரம் வளரும்போது உழைப்பவரின் சம்பளமும் வளர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பவர் அரிது. எந்த அளவுக்கு என்று கேட்கும்போதுதான் தகராறு. பெருந்தோட்டக் கம்பனிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில், தொழில் தாங்கும் அளவுக்கு என்பது. தேயிலைக்கு விலை வைப்பது உலகச் சந்தை. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலியே தின்கிறது. உலகிலேயே செலவு கூடிய தேயிலைகளில் ஒன்று இலங்கையுடையது. இவை பொய்யல்ல, எளிதாக ஒதுக்கிவிடவும் கூடாது. மூடிக் கிடக்கும் தோட்டம் எவருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. கைவிடப்பட்டுக் காடேறிய தேயிலை மலைகளைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள்.

ஆயினும் ஒரு நெறி நெறியாக இருக்க வேண்டுமானால் அது இரு பக்கமும் பொருந்த வேண்டும். விலை விழும்போது தொழில் தாங்காது என்றால், விலை ஏறும்போது தொழில் தாங்கும் என்றும் பொருள். அந்த இரண்டாவது பாதி ஒருபோதும் நடைமுறைக்கு வந்ததில்லை என்பதற்கு ஒப்பந்தங்களே சாட்சி. 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாவுக்குள் அடிப்படைச் சம்பளம் 500. மிச்சம் வரவுக்கும் உற்பத்தித்திறனுக்கும் விலைப் பங்குக்குமான கொடுப்பனவுகள். விலைப் பங்கு என்பது தேயிலையின் விலையோடு ஏறி இறங்க வேண்டியது. ஒப்பந்தத்தில் அது 30 ரூபா என்று நிலையாக எழுதப்பட்டது; 2019இல் 50 ரூபா ஆயிற்று. ஏலத்தில் என்ன விலை போனாலும் பங்கு அதுதான். விலையில் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பதைக் காகிதத்தில் இரு தரப்பும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கின்றன. கணக்கில் மட்டும் அது வரவில்லை.

நட்டம் அப்படி அல்ல. நட்டம் மிகத் துல்லியமாக, கிலோக் கணக்கில், அன்றன்றே வந்து சேர்கிறது. கொழுந்து எடுக்கும் பெண் ஒரு நாளைக்கு 18 கிலோ, பல தோட்டங்களில் 20 கிலோ எடுத்தால்தான் அவளுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். வறட்சியில் கொழுந்து இல்லாமற் போனாலும், கவ்வாத்து வெட்டாமலும் புல் எடுக்காமலும் மலை காடாகிக் கிடந்தாலும், குறையும் கிலோ அவளுடைய கணக்கில்தான் குறையும். நிறுவையின்போது பச்சைக் கொழுந்தின் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் இரண்டு மூன்று கிலோவைக் கழித்துவிட்டே கணக்குப்பிள்ளை எழுதுகிறார் என்பது மலையகத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் வரும் முறைப்பாடு. மழையில் நனைந்து, அட்டை கடித்து, சரிவில் காலூன்றி நின்று பறித்த கொழுந்தில் அந்த இரண்டு கிலோ முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் இடையே நிற்கும் இரண்டு கிலோவாக இருந்துவிடும். வானிலையின் இடரையும் பராமரிப்புக் குறையின் இடரையும் இப்படித் தன் உடம்பில் ஏற்பவள், அந்தத் தொழிலின் பங்காளி. பங்காளிக்கு இலாபத்தில் பங்கில்லை என்று எந்த வியாபாரத்திலும் சொல்ல மாட்டார்கள்.

உற்பத்தித்திறன் பற்றிய வாதத்தையும் இந்த இடத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். இலங்கைத் தொழிலாளி ஒரு நாளில் எடுக்கும் கொழுந்து மற்ற நாடுகளைவிடக் குறைவு என்று கம்பனிகள் புள்ளிவிவரம் காட்டுகின்றன. ஒரு கை எவ்வளவு கொழுந்து எடுக்கும் என்பது கையைப் பொறுத்தது மட்டுமல்ல, செடியைப் பொறுத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் விதை போட்டு வளர்த்த கிழட்டுத் தேயிலை இன்னும் பல மலைகளில் நிற்கிறது. அதைப் பிடுங்கி நல்லினக் கன்று நட்டு, அது பலன் தரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முதலீடு வேண்டும். 1992இல் தோட்ட நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது எதிர்பார்த்தது அதைத்தான். மறுநடுகை எதிர்பார்த்த வேகத்தில் நடக்கவில்லை. முதலீடு செய்யாமல் விட்டது ஒருவர். அதனால் குறைந்த விளைச்சலைக் காட்டிச் சம்பளம் மறுக்கப்படுவது இன்னொருவருக்கு.

அப்படியானால் சம்பளத்தை உயர்த்திவிட்டால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. 2021இல் ஆயிரம் வந்தபின் பல தோட்டங்களில் நாளொன்றுக்கான கிலோ ஏற்றப்பட்டது, மாதத்தில் வேலை நாட்கள் குறைக்கப்பட்டன. நாட்சம்பளம் கூடியும் மாதச் சம்பளம் கூடாத வீடுகள் இருந்தன. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டதால், வேலை நாள் இத்தனை, கிலோ இவ்வளவு என்று வாதாடுவதற்கு இருந்த மேசையும் போயிற்று. சட்டத்தால் கூலியை மட்டும் உயர்த்தி, வேலையின் நிபந்தனைகளை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட்டால், வலது கையில் கொடுத்ததை இடது கையால் வாங்கிவிடலாம். சம்பள உயர்வை எதிர்க்க இது காரணமாகாது. ஆனால் உயர்வை ஆதரிப்பவர்கள் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

தொழில் தாங்குமா என்ற கேள்விக்கு அப்பால், நாடு எப்படி வளர்ந்தது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் இலங்கையின் அந்நியச் செலாவணியில் பாதிக்கு மேல் தேயிலையே ஈட்டித் தந்தது. அரிசி மானியத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இலவசக் கல்விக்கும் அந்த வருமானம் உரமாயிற்று. தெற்காசியாவே வியந்த எழுத்தறிவு வீதமும் ஆயுட்காலமும் அதனால் வந்தவை. இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆண், பெண் இருவருக்கும் ஒரே சம்பளம் என்பதுகூட 1984இல்தான். வளர்ச்சியின் பலன் பங்கிடப்பட்ட தசாப்தங்களில் பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம், இப்போது நாடு நெருக்கடியில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அருகதை யாருக்கும் எளிதில் வந்துவிடாது. நெருக்கடிக்கு முன்பே, 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவு அளவீட்டின்படி, நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். அதே ஆண்டில்தான் உலக வங்கி இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடு என்று வகைப்படுத்தியது.

சம்பள உயர்வுக்கு மாற்றாகக் கம்பனிகள் முன்வைக்கும் யோசனை ஒன்று நேர்மையாகப் பரிசீலிக்கத் தக்கது. நாட்கூலியை விட்டுவிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில ஆயிரம் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுப்பது. பராமரிப்பதும் பறிப்பதும் அவர்கள் பொறுப்பு. கொழுந்தைக் கிலோக் கணக்கில் கம்பனி வாங்கும். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை இன்று தருபவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்களே என்பதால், இது நடக்கக்கூடியதுதான். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுக்கும் வாழ்க்கையிலிருந்து விடுபடுவதில் மதிப்பு இருக்கிறது. சில குடும்பங்கள் இம்முறையில் கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்கின்றன. ஆனால் சிறுதோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். இங்கே நிலம் கம்பனியின் குத்தகையிலேயே இருக்கும். விலையும் அதுவே சொல்லும், உரத்தின் விலையையும் அதுவே கழிக்கும். ஊழியர் சேமலாப நிதி என்னாகும், தொழிலாளி என்ற சட்டப் பாதுகாப்பு என்னாகும் என்பதற்கு உறுதியான விடை இல்லை. உடைமை இல்லாதவர் தலையில் உடைமையாளரின் இடரை ஏற்றிவைப்பதைப் பங்காளியாக்குவது என்று ஏற்க முடியாது. வீட்டுக்கான ஏழு பேர்ச்சஸ் காணிக்கே உறுதிப் பத்திரம் கேட்டு இன்னும் அலையும் மக்களுக்கு, செடியோடு மண்ணையும் எழுதிக் கொடுத்தால் இந்த யோசனையின் முகமே மாறிவிடும்.

இளையவர்கள் இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். கம்பனிகள் பொறுப்பேற்றபோது இருந்த தொழிலாளரில் பாதிப்பேர்கூட இன்று தோட்டப் பதிவேட்டில் இல்லை. ஆள் பற்றாக்குறையே சம்பளத்தை ஏற்றிவிடும் என்று பொருளியல் பாடம் சொல்லும். மலையில் அது அப்படி வேலை செய்யவில்லை. குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலையை விடுவது வீட்டையும் விடுவதாகிவிடுமோ என்ற அச்சம் வயதான பெண்களை மலையிலேயே கட்டிவைத்திருக்கிறது.

2024 செப்டெம்பரில், நீதிமன்ற இழுபறிக்குப் பின், நாட்சம்பளம் 1350 ரூபா ஆயிற்று. அப்போது டொலர் 300 ரூபா. 2021இன் ஆயிரம் 5 டொலர், 2024இன் 1350 நாலரை டொலர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அந்த இடைவெளியில் ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கிவிட்டிருந்தது. பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்து மீண்டு எழுந்த ஆண்டு என்று போற்றப்பட்ட 2024இல், சம்பள உயர்வு பெற்ற தொழிலாளி மூன்றரை ஆண்டுக்கு முன்பிருந்ததைவிட ஏழையாக நின்றாள். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் கம்பனி தரும் சம்பளத்தை 1550 ஆக்கி, வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசே கொடுக்கும் என்றது. அடுப்பெரியும் வீட்டில் அந்த 200 ரூபாவின் பயன் பெரிது. யாரும் அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தனியார் தொழில் ஒன்றின் கூலியில் ஒரு பகுதியை வரிப்பணம் சுமக்கிறது. சவர்க்காரம் வாங்கும்போது அதே தொழிலாளி கட்டும் வரியும் அந்த வரிப்பணத்தில் உண்டு. அவசர உதவியாக இதை ஏற்கலாம். நிரந்தர ஏற்பாடாக ஏற்பதற்கு நியாயம் இல்லை.

தேவைப்படுவது ஒரு விதி. விலைவாசி ஏறும் அளவுக்குச் சம்பளம் ஆண்டுதோறும் தானாக ஏற வேண்டும், அது குறைந்தபட்சம். அதற்கு மேல், ஏலத்தில் தேயிலை விலை ஏறினால் விலைப் பங்கு உண்மையாகவே ஏற வேண்டும். நாளுக்கான கிலோவையும் மாதத்துக்கான வேலை நாட்களையும் அதே விதி கட்டுப்படுத்த வேண்டும். விலைச் சுட்டெண் மாதந்தோறும் வெளியாகிறது, ஏல விலை வாராவாரம் வெளியாகிறது. கணக்குப் போட வேறொன்றும் வேண்டியதில்லை. கூட்டு ஒப்பந்தம் இல்லாத இன்றைய நிலையில் அந்த விதியை எழுதக்கூடிய இடம் சம்பள நிர்ணய சபை. அங்கே முதலாளிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நடுவில் அரசு நியமித்த உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கம்பனிகள் எதிர்த்து நின்றபோதும் 2021இல் ஆயிரம் ரூபாவை நிறைவேற்றியது அவர்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து அளித்த வாக்குதான்.