1980, செவ்வாய்க்கிழமை

சிவகாசியில் புது வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்கே வந்துவிடும். காலண்டர் கம்பெனிகள் அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது அன்றுதான். நாட்டில் மற்றவர்கள் ஆகஸ்டில் இருக்க, இந்த ஊர் ஜனவரியின் கட்டங்களைப் பிழை பார்த்துக்கொண்டிருக்கும். இப்படி எப்போதும் காலத்துக்கு முன்னால் ஓடுகிற ஊரில், பரணில் கிடந்த 486 கம்ப்யூட்டர் ஒன்றை இறக்கி, தூசி தட்டி உயிர்ப்பித்தால், அது சொல்கிற தேதி 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை.

காரணம் எளிது. நேரத்தை நினைவில் வைத்திருக்க மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால் இயந்திரத்துக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியாது. ஐபிஎம் பிசியோடு 1981ல் வந்த டாஸ், தன் நாட்களை 1980லிருந்துதான் எண்ணுகிறது. அதற்கு முந்தைய நாள் அதன் கணக்கில் கிடையாது. ஆகவே நினைவு தப்பிய இயந்திரம் பெரும்பாலும் அதே செவ்வாய்க்கிழமையில்தான் கண் விழிக்கும். நள்ளிரவில் விழிப்பதால் ராகுகாலம் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி.

எங்கள் பக்கத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் குறைவு. ஓடாத கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி, ராத்திரி எல்லாம் உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால், "இதுல என்னண்ணே தேறும்?" என்று கேட்பார்கள். கேலியாகக் கேட்பதில்லை. கரிசல் காட்டில் மழையை நம்பிப் பிழைக்க முடியாமல் தொழிலை நம்பிப் பிழைத்த ஊர் இது. கணக்குக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது. அதோடு, இங்கே செய்கிற பொருள் எதுவும் வைத்துக்கொள்வதற்கானது இல்லை. தீக்குச்சி ஒரு உரசலோடு சரி. சரவெடி ஒரு விடியற்காலையோடு சரி. தினசரி காலண்டரைக் கிழித்துக் கிழித்தே முடிக்க வேண்டும். வாங்கினவர் தீர்த்தால்தான் விற்றவருக்கு அடுத்த வருஷம் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில் வேலை முடிந்த ஒரு பொருளைப் பிடித்துத் தொங்குவது, ஊர்த் தர்மத்துக்கே விரோதமாகத் தெரியும்தான்.

ஆனால் கம்ப்யூட்டர் இந்த ஊருக்கு வேற்றாள் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி போட ஆரம்பித்தது 1923ல். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் வந்தன. லித்தோ போய் ஆப்செட் வந்தது. பேஜ்மேக்கர் என்ற மென்பொருள் அமெரிக்காவில் வெளியானது 1985ல். இந்த விருதுநகர் மாவட்டமே ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து பிறந்ததும் அதே வருஷம்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பத்து வருஷத்துக்குள் இரண்டும் சந்தித்துக்கொண்டன. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு டிடிபி சென்டர். லேசர் பிரிண்டரில் டிரேசிங் பேப்பர் போட்டு எடுத்து, அதை அப்படியே பிளேட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அந்த வேலையைச் செய்த பெட்டிகள்தான் இன்றைக்குப் பரணில் இருக்கின்றன.

அவற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த பேட்டரிதான். 386, 486 போர்டுகளில் கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், நீல உறை போட்ட உருளையாக, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அதிலிருந்து காரம் கசியும். பச்சையும் நீலமுமாகப் பொருக்கு கட்டி, தலைமுடி கனத்தில் ஓடும் செப்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். கட்டரால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷை வினிகரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். காரமும் புளிப்பும் சேர்ந்து நுரைக்கும். நுரை அடங்கியதும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்தத் தடம் பிழைத்தது, எது போனது என்று தெரியும். போனதற்கு மெல்லிய செப்புக் கம்பியில் பாலம் போட வேண்டும். பூதக்கண்ணாடி, நடுங்காத கை, அப்புறம் ஒரு மனிதனை வீட்டில் தேடாத ஞாயிற்றுக்கிழமை. வேறு மூலதனம் வேண்டாம்.

மின்சாரம் கொடுப்பதுதான் பயமான கட்டம். பவர் சப்ளையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருக்கும். நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் சில சமயம் டப்பென்று வெடித்துப் புகை கக்கும். வேறு ஊரில் இது சிரிப்புக்குரிய விஷயம். இங்கே நேரங்கெட்ட நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால், தெருவே வாசலுக்கு வந்து பட்டாசு ஆலை இருக்கும் திசையைப் பார்க்கும். அந்தப் பார்வையில் விளையாட்டு கிடையாது. அதனால் டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கிற சீரிஸ் லேம்ப் வழியாகத்தான் எதையும் முதலில் ஓட்டுவது. குண்டு பல்ப் பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு மினுக்கு மினுக்கி அடங்கினால் பிழைத்தோம்.

மேல்மூடி மஞ்சளாகியிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்ப்பார்கள். நாள்பட்ட பழுப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும். வெளிநாட்டு ஆர்வலர்கள் இதற்கென்று புற ஊதா விளக்கெல்லாம் வாங்குகிறார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு மொட்டை மாடி போதும். எரிவதை எப்படி எரிய வைப்பது என்று மூன்று தலைமுறையாகப் படித்த மண்ணில், எரியாமல் இருக்கச் சேர்த்த மருந்தின் கறையை வெயிலில் காயப்போட்டு எடுக்கிறோம். சில வருஷத்தில் மஞ்சள் திரும்ப வரும். வரட்டும்.

இந்தப் பொழுதுபோக்குக்கு உலகம் முழுக்க ஆட்கள் உண்டு. இந்தியாவில் 1984ல் கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். 32 கிலோபைட் நினைவகம். அதன் 6502 சிப்பில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். பொறுமை இருந்தால் ஒரே ஆள் அந்த இயந்திரம் முழுவதையும் தலைக்குள் ஏற்றிக்கொள்ளலாம். இன்றைய போனுக்கு அப்படிச் சொல்ல அதைச் செய்தவர்களாலேயே முடியாது. பழையதை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்கிற நியாயம் இது. நல்ல நியாயம்தான். எனக்கு அது போதவில்லை.

"என்ன தேறும்" என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் பிளாப்பி. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கு ஒரு குறியீட்டில் இருந்தன. ஒரு கம்பெனி ‘அ’ வைத்த இடத்தில் இன்னொரு கம்பெனி ‘று’ வைத்திருக்கும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010ல். அதற்கு முன் அடித்த கல்யாணப் பத்திரிகை, தல வரலாறு, நினைவு மலர் எல்லாம் இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருவும் அந்த மென்பொருளும் இருக்கிற பழைய பெட்டியில் மட்டும்தான் அது தமிழ். ஆக, பழைய பெட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று ஊருக்குப் பதில் சொல்லலாம். சொன்னேன். ஆனால் பிளாப்பியைப் படித்து யூனிகோடுக்கு மாற்றி முடித்த பிறகும் அந்தப் பெட்டியை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படியானால் அது காரணம் இல்லை, சாக்கு.

தேதி விஷயத்துக்குத் திரும்புகிறேன். பழைய பயோஸ் சிலவற்றுக்கு 1999க்கு மேல் எண்ணத் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு: 28 வருஷம் பின்னால் வைத்துவிட வேண்டும். லீப் வருஷச் சுழற்சியும் வாரச் சுழற்சியும் 28 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடும். 2026க்கு 1998 என்று வைத்தால் தேதியும் கிழமையும் அச்சாகப் பொருந்தும். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கிழமையை வைத்துத்தானே, அவையும் பொருந்தும். ஆனால் தினசரி காலண்டரின் கீழ்ப்பாதிக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம். திதி பொருந்தாது. நட்சத்திரம் பொருந்தாது. 1998ன் அமாவாசை 2026ல் அந்தத் தேதியில் வராது, தீபாவளியும் வராது. பழையதைச் செப்பனிடுகிறவர்களுக்கு எது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. சூரியன் ஒத்துழைக்கிறது, சந்திரன் ஒத்துழைப்பதில்லை.

அந்தச் சந்திரன் எது என்று எனக்குக் காட்டியவர் ஒரு அக்கா. தொண்ணூறுகளில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு டிடிபி சென்டரில் சேர்ந்த எத்தனையோ பெண்களில் ஒருவர். இப்போது வீட்டோடு மாவு அரைத்து விற்கிறார். சீரான பெட்டியில் ஒரு பத்திரிகைக் கோப்பைத் திருத்த முயன்று தோற்றுப்போயிருந்தேன். எந்தச் சாவியில் எந்த எழுத்து என்று சொல்ல கையேடு இல்லை. "தம்பி, இது இன்னும் உசிரோட இருக்கா?" என்றபடி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விரல்கள் ஒரு நொடி சாவிகளுக்கு மேல் நின்றன. பிறகு ஓடின. பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளியை முதலில் அடித்து, எழுத்தைப் பின்னால் அடிக்க வேண்டும். புள்ளி விழும்போது வண்டி நகராது. அந்தப் பழக்கத்தை அப்படியே அந்த மென்பொருள் வைத்திருந்தது. நான் எழுத்தை முதலில் அடித்துவிட்டுப் புள்ளி ஏன் பக்கத்து எழுத்தில் ஏறுகிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன். ‘ஸ்ரீ’ எங்கே என்று கேட்டேன். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இரு, அடிச்சுப் பாக்குறேன்" என்றார். இடது கட்டைவிரல் ஆல்ட் சாவிக்குப் போனது, வலது கை எண்களுக்குப் போனது, திரையில் ஸ்ரீ வந்தது. தன் விரல் என்ன செய்தது என்பதைத் தானே குனிந்து பார்த்துத்தான் எனக்கு எண்ணைச் சொன்னார்.

அந்த இயந்திரத்தில் பாதிதான் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பாதிக்குச் சென்னை ரிச்சி தெருவில் உதிரி கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் மெமரி கார்டு மாட்டலாம். பிளாப்பி டிரைவ் போனால் பென் டிரைவை பிளாப்பி என்று நம்ப வைக்கும் பெட்டி விற்கிறது. மறுபாதி, மாவு ஈரம் காயாத அந்தக் கைகளில் இருந்தது. அதற்கு உதிரி கிடையாது. அது பயன்படுத்தப்படாமல் கிடந்த காலத்தில் அதன் மீது ஒரு துணி போர்த்தி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு பாசத்தோடு துடைத்து வைக்கிற இதே பெட்டிதான், வந்த காலத்தில் அச்சுக்கோப்பவர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஈய எழுத்துகளைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல், பார்க்காமலே எடுத்துக் கோத்தவர்கள் அவர்கள். எழுத்துகளை உருக்கி ஈயமாக விற்றோம், எழுத்து வைத்த கேஸ்களை விறகாக்கினோம். அந்த மனிதர்கள் பட்டாசுக் கடைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போனார்கள். இயந்திரத்தையாவது பரணில் ஏற்றினோம். அவர்களை அங்கேகூட வைக்கவில்லை. பழம்பொருள் பிரியர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொள்வதில் ஒரு கோணல் இருக்கிறது: பொருளுக்கு வயதானால் விலை ஏறுகிறது, அதை ஓட்டியவருக்கு வயதானால் ஆள் மாறுகிறது.

அக்கா இப்போது மாவு வேலை ஓய்ந்த மத்தியானங்களில் வருகிறார். அவர் அடிக்க அடிக்க, எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். கிரந்த எழுத்துகள் முடிந்துவிட்டன. கணக்குக் குறிகளும் தமிழ் மாதக் குறிகளும் பாக்கி. அவரோடு வேலை பார்த்த இன்னொருவர் திருத்தங்கலில் இருக்கிறாராம், பார்டர் டிசைன் எல்லாம் அவருக்குத்தான் தெரியுமாம். யாராவது "எங்க அச்சாபீஸ்ல பழைய மெஷின் ஒண்ணு கெடக்கு, வேணுமா?" என்று கேட்டால், அதை ஓட்டியது யார், இப்போது எங்கே இருக்கிறார், பகலில் எத்தனை மணிக்கு ஓய்வாக இருப்பார் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.